ஏழாம் நம்பர் அடியாளின் அக்கா

அவனியாபுரத்தில் பைக் சீட்டுக்கு உறை தைத்துக் கொடுக்கிறவன் நான். பெயர் காசிமாயன். என் கடைக்கும் அழகுபாண்டியின் பிளெக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான் உண்டு. அதிலும் ஓட்டை இருக்கிறது. பதினோரு வருடமாக அந்த ஓட்டை வழியாக அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் அவனைப் பற்றிச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. கேட்கிறவர்கள் யாரும் இல்லையென்றாலும் நான் சொல்லிவிடுவேன், என் சுபாவம் அப்படி.

மாதாமாதம் 'கந்தகவீரன்' என்று ஒரு படக்கதைப் புத்தகம் வருகிறது. பகலில் தபால் ஆபீசில் முத்திரை குத்துகிற ஒருவன், ஊருக்கு ஆபத்து வந்தால் மஞ்சள் உடுப்பை மாட்டிக்கொண்டு பறப்பான், வாயால் நெருப்பு ஊதுவான். டாக்டர் தேள் என்கிற வில்லனையும் அவனுடைய முகமூடி அடியாட்களையும் அடித்துத் துவைப்பான். எல்லோரும் கந்தகவீரனைப் பார்க்கத்தான் அந்தப் புத்தகத்தை வாங்குகிறார்கள். அழகுபாண்டி அவனைத் தவிர மற்ற எல்லோரையும் பார்க்க வாங்குகிறான்.

"பறக்குறவனுக்கு என்னண்ணே, அவனைப் பாக்க அம்புட்டுப் பேரு இருக்காங்க," என்பான். "இந்தா, பாலம் இடிஞ்சு விழுதுல்ல, அதுக்குக் கீழ ஒருத்தன் தூக்குச்சட்டியோட ஓடுறான் பாருங்க. இவன் யாரு வீட்டுப் பிள்ள? யாருக்குச் சோறு கொண்டு போறான்? அதை ஒருத்தனாச்சும் கேட்டானா?"

"கேட்டு என்னடா செய்யப் போற?"

"மொறை தெரிய வேணாமாண்ணே?"

முறை! அவனைப் பிடித்த பேய் அதுதான். அவன் தொழிலே அப்படி. எங்கள் பக்கத்துக் காதுகுத்து, கல்யாண போர்டுகளைப் பார்த்திருப்பீர்கள். உச்சியில் குலசாமி, அதற்குக் கீழே விளக்கு படம் வைத்துக் காலமான பெரியவர்கள், பக்கவாட்டில் தாடையில் கை வைத்த தாய்மாமன், அப்புறம் பங்காளிகள், மாமன் மச்சான்கள், கடைசி வரிசையில் நண்டு சிண்டுகள். ஒரு பெரியப்பா படம் சித்தப்பா படத்தைவிட ஓர் அங்குலம் சிறுத்துப் போனால் போதும், பந்தியில் இலை பறக்கும். நாற்பது ஐம்பது முகங்களை வாட்ஸப்பில் வாங்கி, யார் யாருக்கு என்ன முறை என்று கேட்டுக் கேட்டு அடுக்குவதுதான் அவனுக்குப் பதினோரு வருடச் சோறு. அந்தப் புத்தி புத்தகத்தைப் பிடித்தாலும் ஓயாது.

பிரிண்டர் மெஷினுக்குப் பின்னால் ஒரு வீணாய்ப்போன பிளெக்ஸின் வெள்ளை முதுகைத் திருப்பித் தொங்கவிட்டிருந்தான். எட்டடி உயரம், பத்தடி அகலம். அதில் மார்க்கர் பேனாவால் கந்தகவீரன் புத்தகத்தில் வருகிற துணை ஆட்களின் வம்சத்தையெல்லாம் கோடு போட்டு இணைத்திருந்தான். டீக்கடைத் தங்கராசு, பேப்பர் போடுகிறவர், மருத்துவமனைச் செவிலி கற்பகம், கூட்டத்தில் 'ஐயோ!' என்று மட்டும் கத்துகிறவர்கள் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. கந்தகவீரனை மட்டும் ஒரு மூலையில் 'அனாதை' என்று எழுதி விட்டுவிட்டான்.

கதையில் எழுதாத உறவை இவன் எப்படிக் கண்டுபிடித்தான் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பதினேழாம் இதழில் டீக்கடைத் தங்கராசுவின் அப்பா எந்திர மனிதன் மிதித்துச் செத்துப்போகிறார். இழவு வீட்டுப் படம் ஒன்றே ஒன்று, அதுவும் தீப்பெட்டி அளவு. "கோடித் துணி எடுத்துட்டு வாராரு பாருங்க ஒரு மீசக்காரரு, அவரு யாரு? பேப்பர் போடுறவரு! அப்ப அவரு சம்பந்தகாரரு. தங்கராசு அவரு வீட்டுலதான் பொண்ணு எடுத்திருக்கான்," என்றான். இன்னோர் இதழில் ஒரு கல்யாணம். தாலியின் மூன்றாவது முடிச்சைப் போடுகிற பெண்ணை வைத்து, அவள் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் என்று எழுதிக்கொண்டான். நாத்தனார்தானே மூன்றாம் முடிச்சுப் போடுவாள்! எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் முறை பிசகவில்லை.

இந்தப் பைத்தியம் ஒருநாள் அவன் சொந்த வீட்டிலேயே கொள்ளி வைத்தது. அவனுக்கு ஒரே அக்காள், முத்துச்செல்வி. பரவையில் ராஜபாண்டிக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ராஜபாண்டியின் தம்பிக்குக் கல்யாணம் வந்தது, போர்டு அழகுபாண்டிதான் அடித்தான். அன்று மதியம்தான் எண்பத்தெட்டாம் இதழ் வந்திருந்தது. ஒரு கண் கம்ப்யூட்டரில், ஒரு கண் புத்தகத்தில். ராஜபாண்டியின் பெரியப்பா காளை நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார். அவர் படத்தை விளக்கு வைத்துக் காலமானவர் வரிசையில் போட்டுவிட்டான். செத்துப்போய்ப் பன்னிரண்டு வருடமான தாத்தாவை, 'வருக வருக' என்று கும்பிடுகிற வரிசையில் நிறுத்திவிட்டான்.

இருபதடி போர்டு பரவை மார்க்கெட் முனையில் நின்றது. காளை பையைத் தூக்கிக்கொண்டு கத்தரிக்காய் வாங்கப் போனவர், மேலே பார்த்துவிட்டு அப்படியே நின்றார். திண்டுக்கல் பக்கமிருந்து வந்த ஒருவர், "அடடா, பெரிய மனுசன் மாதிரி தெரியுது, எப்பண்ணே தவறுனாரு?" என்று காளையிடமே துக்கம் விசாரித்தார்.

அன்றைக்கே ஓடிப்போய்க் காலில் விழுந்திருந்தால் முடிந்திருக்கும். இவன் விழவில்லை. "போட்டோ அனுப்புனவங்க பேரு போட்டுல்ல அனுப்பியிருக்கணும்?" என்று கல்யாண மண்டபத்து வாசலில் நின்று வாதாடினான். காளை மேல்துண்டை உதறி, "இவன் இனி நம்ம வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது," என்றார். ராஜபாண்டி நல்ல மனிதர்தான். இருந்தாலும் பெரியப்பா சொல்லைத் தட்டுகிற ஆள் இல்லை. தப்பு முழுக்க அழகுபாண்டி மேல்தான், அவன் முகத்துக்கு நேரே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

இதில் மாட்டிக்கொண்டது ஒரு பிஞ்சு. ராஜபாண்டியின் மகள் தாமரைச்செல்விக்கு அப்போது மூன்று வயது, அந்த வருடமே காது குத்துவதாக இருந்தது. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிற வழக்கம் இல்லை. மாமன்காரன் வாசல் மிதிக்க முடியாது. முத்துச்செல்வியோ, "என் தம்பி மடியில்லாம என் பிள்ளைக்குக் காது குத்த விடமாட்டேன்," என்று ஒற்றைக்காலில் நின்றாள். இரண்டு வருடம் ஓடிவிட்டது. இப்போது பிள்ளைக்கு ஐந்து. "ஒத்தப்பட வயசுலதான் குத்தணும், இந்த ஆவணியை விட்டா ஆறு பொறந்துரும்," என்று காளை நாள் குறித்துவிட்டார். முத்துச்செல்விக்குச் சித்தப்பா மகன் ஒருவன் இருக்கிறான், வண்டியூர் அசோக்குமார். உடன்பிறப்பு முறைதான். ஆறடி உயரம், ஜிம்முக்குப் போகிற உடம்பு, கண்ணில் எந்நேரமும் கறுப்புக் கண்ணாடி. அவன் மடியில் உட்கார வைப்பதாகப் பேச்சு முடிந்தது.

இதைக் கேள்விப்பட்ட அன்று அழகுபாண்டி எந்த போர்டும் அடிக்கவில்லை. மெஷினை மட்டும் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

அந்த வாரம் பார்த்துத்தானா கந்தகவீரன் நூற்றுப்பதினோராம் இதழ் வர வேண்டும்! பின் அட்டையில் பெரிதாக ஓர் அறிவிப்பு: 'நூற்றுப்பதின்மூன்றில் கோலாகலம்! செவிலி கற்பகத்தின் குழந்தைக்குக் காதணி விழா! கந்தகவீரன் மடியில்!'

தகரத் தடுப்பு அதிர்ந்தது. ஓட்டை வழியாகப் பார்த்தால் அவன் வெள்ளை பிளெக்ஸ் முன்னால் நின்று கொதித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இங்க வாங்க. கற்பகத்துக்குக் கூடப் பொறந்தவன் இருக்கான்ணே! இருக்கும்போது மடியில உக்கார வைக்க இவன் யாரு? பறந்தா மொறை வந்துருமா?"

"யாருடா அந்தக் கூடப் பொறந்தவன்?"

"ஏழாம் நம்பர் அடியாள்."

டாக்டர் தேளுக்குப் பத்து அடியாட்கள். எல்லோருக்கும் ஒரே கறுப்பு முகமூடி, முதுகில் எண் மட்டும் வேறு. அவர்கள் வாய் திறந்து பேசினதே இல்லை. அழகுபாண்டி சாட்சியங்களை எடுத்து வைத்தான். முப்பத்தொன்றாம் இதழில் வங்கிக் கொள்ளையின்போது கூட்டத்தில் கற்பகம் நிற்கிறாள். ஏழாம் நம்பர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஐம்பத்தாறில் கற்பகத்துக்குக் குழந்தை பிறக்கிறது. மருத்துவமனை ஜன்னலுக்கு வெளியே ஒரு முகமூடி, கையில் சத்துமாவு டப்பா. இதெல்லாம் போதாது என்று நான் சொன்னேன். அவன் நாற்பத்தொன்பதாம் இதழை என் மூக்கு முன்னால் நீட்டினான். கற்பகத்தின் கல்யாணம். மாப்பிள்ளை கழுத்தில் மாலை விழுகிறது. மாலை போடுகிறவன் கட்டத்துக்கு வெளியே இருக்கிறான், கை மட்டும் தெரிகிறது. கையில் வெட்டுத் தழும்பு. அதே தழும்பு ஏழாம் நம்பர் கையில்.

"மாப்பிள்ளைக்கு மச்சினன் மாலை யாருண்ணே போடுவா?"

பெண்ணின் உடன்பிறந்தவன்தான் போடுவான். நான் என் கடைக்குப் போய்விட்டேன்.

மாதம் ஒரு கடிதம் புத்தகக்காரர்களுக்கு எழுதுகிறவன், அன்றே இதையும் எழுதினான். அடுத்த இதழின் வாசகர் பக்கத்தில் அதை அப்படியே போட்டுவிட்டார்கள். நான் மூன்று முறை படித்தேன்.

'ஐயா, வணக்கம். செவிலி கற்பகத்தின் குழந்தைக்கு முறையான தாய்மாமன் உயிரோடு இருக்கிறார். அவர் கையில் வெட்டுத் தழும்புள்ள ஏழாம் நம்பர் அடியாள் என்பது உண்மை. தப்பு செய்தவர் என்பதும் உண்மை. ஆனால் தப்பு செய்தவன் தாய்மாமன் இல்லாமல் போய்விடுவானா? அவர் இரண்டு வருடமாக வெளியே நிற்கிறார். எட்டிப் பார்க்கிறார். உங்களுக்குத்தான் தெரியவில்லை. கந்தகவீரன் ஊரையே காப்பாற்றட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மடியை மட்டும் விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். இப்படிக்கு, அ. அழகுபாண்டி, அவனியாபுரம்.'

ஏழாம் நம்பருக்காக எழுதியதாகத்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். படித்த எனக்கு அப்படித் தெரியவில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள், இங்கே சதை கடிதமே எழுதியிருக்கிறது. இந்தக் கடிதத்தைப் பரவைக்கு அனுப்ப வேண்டியதுதானேடா என்று கேட்கலாமென்று தகரத்தைத் தட்டினேன். அவன் ஏதோ போனில் பேசிக்கொண்டிருந்தான். புத்தகத்துக்குப் படம் வரைகிற சூரியபிரகாஷ் என்பவர் கூப்பிட்டிருந்தார்.

"சார், நான் கூட்டத்துல சும்மா தலைதலையா போட்டு வைப்பேன். நீங்க அதுக்கெல்லாம் சம்பந்தம் பேசி வச்சிருக்கீங்க," என்று அவர் சிரித்தது ஸ்பீக்கரில் கேட்டது. "அந்தத் தழும்பு, மை சிந்தினது சார்."

"ரெண்டு இதழ்லயும் ஒரே எடத்துலயா சிந்துச்சு?" என்றான் அழகுபாண்டி.

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. அப்புறம், "பார்க்கிறேன் சார்," என்று வைத்துவிட்டார்.

அவர் பார்க்கவில்லை. நூற்றுப்பதின்மூன்று வந்தது. கந்தகவீரன் மஞ்சள் உடுப்போடு மணையில் உட்கார்ந்திருக்கிறான், மடியில் குழந்தை. சுற்றிலும் ஊரே நிற்கிறது. ஏழாம் நம்பர் எங்குமே இல்லை. அழகுபாண்டி பூதக்கண்ணாடி வைத்துத் தேடினான்.

"கூட்டத்துலகூடப் போடலண்ணே," என்றான்.

அடுத்த நாளே எனக்கு முத்துச்செல்வியிடமிருந்து போன் வந்தது.

"காசிமாயண்ணே, பிள்ளைக்கு வர்ற ஞாயித்துக்கிழமை காதுகுத்து. போர்டு அவன் கையாலதான் அடிக்கணும். இங்க யாருக்கும் தெரிய வேணாம், வேற கடையில அடிச்சதா சொல்லி நீங்களே கொண்டு வந்துருங்க. போட்டோ எல்லாம் அனுப்புறேன். பேரும் மொறையும் எழுதியே அனுப்புறேன்."

"தாய்மாமன் எடத்துல?"

"அசோக்குமார் போட்டோதான் குடுத்திருக்காக," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அழகுபாண்டி மறுக்கவில்லை. முகம் முகமாகப் பெரிதாக்கிப் பார்த்து, முறை தவறாமல் அடுக்கினான். ஒரு படத்தைப் போட்டதும் என்னைத் தடுப்பு வழியாகக் கூப்பிட்டு, "இவரு இருக்காரா, தவறிட்டாராண்ணே?" என்று உறுதி செய்துகொண்டான். சுருட்டிக் கட்டித் தந்தபோது, "கோயில்ல போயிப் பிரிங்கண்ணே, வழியில பிரிச்சா தூசி ஒட்டும்," என்றான். பிளெக்ஸில் தூசி ஒட்டினால் ஈரத்துணியில் துடைத்தால் போகும். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டான். "நான் உள்ள வரமாட்டேன். வேப்பமரத்தடியில நின்னு ஒரு தடவ பாத்துட்டு வந்துருவேன்," என்றான். தலையில் ஹெல்மெட். மதுரையில் பைக் ஓட்டுகிறவனே ஹெல்மெட் போடமாட்டான், பின்னால் உட்கார்ந்தவன் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்து வழியெல்லாம் ஆட்கள் திரும்பினார்கள். பரவைக்கு வெளியே கண்மாய்க் கரையில் அவர்கள் குலசாமி கோயில். அங்கே போய் இறங்கின பிறகும் அவன் அதைக் கழற்றவில்லை. வெயிலில் மரத்தடியில் ஹெல்மெட்டோடு நின்றான்.

ராஜபாண்டியும் இன்னும் இருவரும் போர்டைப் பிரித்துச் சவுக்குக் கட்டையில் ஏற்றினார்கள். முதலில் ஓடி வந்தது காளைதான். விளக்கு வரிசையை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் அங்கே இல்லை. உயிரோடிருக்கிற பெரியவர்கள் வரிசையில் முதல் ஆளாக, எல்லோரையும்விட இரண்டு அங்குலம் பெரிதாக, மீசை முறுக்கிக்கொண்டு இருந்தார். அவர் முகம் மலர்ந்தது. அப்புறம் பக்கவாட்டில் பார்த்தார்.

"இது யாருடா முகமூடிக்காரன்?"

'தாய்மாமன்' என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே கறுப்பு முகமூடி, தாடையில் வைத்த கை, கையில் வெட்டுத் தழும்பு. அசோக்குமார் கீழே மாமன்மார் வரிசையில் கறுப்புக் கண்ணாடியோடு சின்னதாக இருந்தான். போர்டு கொண்டுவந்தவன் நான்தானே, முதல் அடி எனக்குத்தான் விழும்.

"என் போட்டோ எங்கய்யா?" என்று மணையில் உட்கார்ந்திருந்த அசோக்குமார் கண்ணாடியைக் கழற்றினான். நான் அவன் கண்ணைப் பார்த்தது அன்றுதான்.

அவன் மடியில் இருந்த தாமரைச்செல்வி, தலையைத் திருப்பிப் போர்டைப் பார்த்துக் கை தட்டினாள். "ஏழாம் நம்பரு! அம்மா, ஏழாம் நம்பரு மாமா!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முத்துச்செல்வி மாதாமாதம் அந்தப் புத்தகத்தை வாங்கியிருக்கிறாள். வாசகர் பக்கத்தில் தம்பி கடிதம் வந்திருக்கிறதா என்று பார்க்க வாங்கி, தழும்புக் கைக்காரனைக் காட்டி 'இதுதான் மாமா' என்று பிள்ளைக்கும் சொல்லியிருக்கிறாள். அந்தக் கடிதத்தை யாருக்கு அனுப்பச் சொல்ல நினைத்தேனோ, அவளுக்கு அது போய்ச் சேர்ந்து ஒரு மாதமாகிறது.

அவள் போர்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் என்னையறியாமல் வேப்பமரத்தைப் பார்த்துவிட்டேன். விறுவிறுவென்று அங்கே நடந்தாள்.

"ஹெல்மெட்டக் கழட்டுடா."

அவன் அசையவில்லை.

"அடியாளா இருந்தாலும் தாய்மாமன்தான்னு ஊருக்கெல்லாம் எழுதத் தெரியுதுல்ல? எங்கிட்ட வந்து சொல்ல ரெண்டு வருசமா வாயில என்ன வச்சிருந்த? மூஞ்சிய மறைச்சுக்கிட்டு நிக்கிற மாமன் எம்பிள்ளைக்கு வேணாம். கழட்டு!"

கழற்றினான். வியர்வையா கண்ணீரா என்று தெரியாதபடி முகம் நனைந்திருந்தது. கூட்டம் வழிவிட, நேரே காளையின் முன்னால் போய் நின்றான். 'பேரு போட்டு அனுப்பல' என்று மறுபடியும் ஆரம்பித்துவிடுவானோ என்று நான் குலசாமியைக் கும்பிட்டுக்கொண்டேன்.

"மாமா, தப்பு என் மேலதான்," என்றான். "புத்தகத்தப் பாத்துக்கிட்டே போட்டேன். உங்க மூஞ்சிய நான் சரியாப் பாக்கல."

காளை மேல்துண்டை எடுத்தார். உதறப் போகிறாரோ என்று எல்லோரும் பின்வாங்கினார்கள். முகத்தைத்தான் துடைத்துக்கொண்டார்.

"ஆடு பகை, குட்டி உறவான்னு கேட்டவன்டா நான். உன் அக்கா ரெண்டு வருசமா எனக்குச் சோறு போட்டா, ஒரு வார்த்த சிரிச்சுப் பேசல. அந்தச் சோறு இறங்குமா?" என்றார். அப்புறம் மணைப் பக்கம் திரும்பினார். "அசோக்கு, எந்திரிப்பா. போர்டுல எங்க போட்டிருக்கோ அங்க போயி நில்லு."

அசோக்குமார் நல்ல பையன்தான். பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "அண்ணே, அடுத்த போர்டுல பெருசாப் போடணும்," என்று மட்டும் சொன்னான்.

அழகுபாண்டி சம்மணமிட்டு உட்கார்ந்தான். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளையை மடியில் வைத்தார்கள். இரண்டு வருடமாகப் பார்க்காத மாமனை அவள் அண்ணாந்து பார்த்தாள். ஆசாரி ஊசியை எடுத்து இடது காதைத் தடவினார். அதற்குள் அழகுபாண்டிக்கு உடம்பு குலுங்க ஆரம்பித்துவிட்டது. வாய்விட்டு அழுதான், சின்னப்பிள்ளை மாதிரி.

தாமரைச்செல்வி அவன் கன்னத்தைத் தொட்டாள்.

"ஏன் மாமா அழுவுறீங்க? காது எனக்குத்தான குத்துறாங்க?"